கொடுக்கும் கையும் குறிப்பெடுக்கும் கையும்

மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் சோமாலி இளைஞர்களுக்கான திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் மாவட்ட, மாநகர, பள்ளிக்கல்வி அதிகாரிகளுக்கும், அந்தத் திட்டங்களுக்கு முன்னோடியான கூட்டாட்சி வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

அடுத்த நிதி அறிவிப்பை எழுத உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2014 செப்டம்பரில் அன்றைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அறிவித்தபோது இந்தத் திட்டத்தின் பெயர் 'வன்முறைத் தீவிரவாத எதிர்ப்பு'. பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், மினியாபொலிஸ் ஆகிய மூன்று நகரங்களில் வெள்ளோட்டம். 2015 பிப்ரவரியில் மினியாபொலிஸில் அது 'சமூக மீள்திறன் வளர்ப்பு' ஆனது. பிறகு கூட்டாட்சி அரசு அதே சரக்கை 'இலக்கு வைத்த வன்முறைத் தடுப்பு' என்றது. பலகையைத்தான் மாற்றினீர்கள். காசு கொடுக்கும் கையும் குறிப்பெடுக்கும் கையும் ஒரே உடம்பில் இருப்பது மாறவே இல்லை.

ஆபத்து கற்பனை என்று நாங்கள் சொல்லவில்லை. 2007 முதல் இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மினசோட்டாவிலிருந்து கிளம்பி, சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல் ஷபாபில் சேர்ந்தார்கள். 2008 அக்டோபரில் அவர்களில் ஒருவர் வடக்குச் சோமாலியாவில் தற்கொலைக் குண்டுதாரியாக இறந்தார். 2016 நவம்பரில், ஐ.எஸ். அமைப்பில் சேர முயன்ற வழக்கில் ஒன்பது பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இவற்றைப் பற்றி முதலில் வாய் திறந்தவர்கள் யார் என்று நினைவிருக்கிறதா? பிள்ளையைத் தொலைத்த குடும்பங்கள். அவர்களில் ஒரு உறவினர் 2009 மார்ச்சில் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். பள்ளிவாசலைக் குறை சொல்கிறார்கள் என்று அந்தக் குடும்பங்கள் ஊருக்குள் ஏச்சும் வாங்கின. ஆனாலும் சண்டை நடந்தது, உள்ளுக்குள்ளேயே, சத்தமாக.

சோமாலியில் 'ஃபடி கு திரிர்' என்பார்கள்: உட்கார்ந்த இடத்திலேயே போர் செய்வது. டீக்கடை பெஞ்சு அரசியல் என்றால் தமிழ் வாசகருக்குப் புரியும். மினியாபொலிஸில் சோமாலியர் நிறைய வாழும் சீடார் ரிவர்சைடின் காபிக் கடைகளில் குலம், மொகதிஷு அரசியல், இமாமின் வெள்ளிக்கிழமைப் பேச்சு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் அங்கேதான் அலசப்படும். ஒரு இளைஞன் முட்டாள்தனமாக ஏதாவது சொன்னால் பக்கத்து நாற்காலிப் பெரியவர் அந்த இடத்திலேயே மடக்குவார். இதைவிட மலிவான தடுப்புத் திட்டத்தை எந்த ஆலோசகரும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. அதே மேசையில் ஒருவர் ஒற்றராக இருக்கலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்தப் பையன் வாயை மூடிக்கொள்வான், பெரியவரும் எழுந்து போய்விடுவார். ஒற்றனுக்கு அவர்கள் மொழியில் 'பஸாஸ்' என்று பெயர். உங்கள் மானியம் வாங்கிய இளைஞர் மன்றப் பணியாளர் மேல் ஒட்டிக்கொண்ட சொல் அது.

அந்தச் சந்தேகம் காற்றில் முளைக்கவில்லை. 2009இல் செயின்ட் பால் காவல்துறை, சோமாலிக் குடும்பங்களோடு நட்புறவு வளர்ப்பதாகச் சொல்லி நீதித்துறையிடம் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் டாலர் பெற்றது. பெண்களுக்கான நிகழ்ச்சி, இளைஞர் விளையாட்டு எல்லாம் அதில் உண்டு. தீவிரமயமானவர்களை அடையாளம் காண்பதும் அதே விண்ணப்பத்தில் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது. ஆண்டுகள் கழித்துத்தான் அது வெளியே வந்தது. 2015 திட்டத்திலோ பள்ளி மதிய உணவு அறையில் மாணவரோடு நேரம் செலவிட்டு, அடையாளக் குழப்பமும் ஒட்டாமையும் தெரிகிறதா என்று கவனிக்க ஆட்களைப் போடும் யோசனை இருந்தது. பதினைந்து வயதில் அடையாளக் குழப்பம் இல்லாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 இளைஞர்கள், அவர்களில் பத்துப் பேர் உண்மையிலேயே ஆபத்தான பாதையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறிகுறிப் பட்டியல் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம் (அப்படி ஒரு பட்டியல் உலகில் கிடையாது). பத்தில் ஒன்பது பேர் சிக்குவார்கள். மீதி 19,990 பேரில் 1,999 பேரும் சேர்ந்து சிக்குவார்கள். ஒரு சரியான பெயருக்கு 222 தவறான பெயர். தாடி, ஹிஜாப், தொழுகை, திடீர் மௌனம் என்று பட்டியல் தளரத் தளர இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

தவறான பெயர் எங்கே போகும்? 2008இல் மாற்றப்பட்ட விதிகளின்படி, குற்றச் சந்தேகத்துக்கான ஆதாரம் எதுவும் கையில் இல்லாமலேயே எஃப்.பி.ஐ. ஒருவரைப் பற்றி 'மதிப்பீடு' தொடங்கலாம். மாநிலங்களுக்கிடையே பகிரப்படும் குற்றப் புலனாய்வுக் கோப்பில் பெயர் ஏற நியாயமான சந்தேகம் வேண்டும், ஐந்தாண்டுக்குள் மறு ஆய்வு செய்து நீக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி உண்டு. 'சந்தேக நடவடிக்கை அறிக்கை' என்ற வேறொரு குழாயோ அதைவிடத் தளர்ந்த அளவுகோலில் ஓடுகிறது. பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிட்டால், விமானத் தடைப் பட்டியலில் உள்ள குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்போருக்கும் மட்டும் கேட்டால் சொல்வார்கள். மற்றவர்களுக்கு இருக்கிறது என்றும் இல்லை என்றும் பதில் வராது. உணவு அறையில் ஒருவர் கிறுக்கிய குறிப்பை அழிக்க அந்தப் பையனுக்கு வழியே இல்லை.

பள்ளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் பதிவுகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம், பள்ளியின் 'சட்ட அமலாக்கப் பிரிவு' வைத்திருக்கும் பதிவுகளைக் காக்காது. ஆசிரியர் எழுதினால் பாதுகாப்பு, அதே வாக்கியத்தைப் பள்ளிக் காவலர் தன் பணிக்காக எழுதினால் பாதுகாப்பு இல்லை. இருவரையும் ஒரே 'அக்கறைக் குழு' கூட்டத்தில் உட்கார வைத்தால் சட்டம் கட்டிய சுவரை நீங்களே இடித்ததாகும்.

பணத்துக்கு வருவோம், ஓர் இனத்தின் மேல் பழி எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2018 மே மாதம் ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சி, குழந்தைக் காப்பக மோசடியில் ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர் போகிறது என்றும், பெட்டி பெட்டியாக ரொக்கம் விமான நிலையம் வழியே வெளியேறிப் பயங்கரவாதிகளுக்குச் சேர்கிறது என்றும் செய்தி போட்டது. 2019 மார்ச்சில் சட்டமன்றத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. மோசடி உண்டு, வழக்குகளில் நிரூபணமானது சில ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 5 முதல் 6 மில்லியன். 100 மில்லியனுக்கும் பயங்கரவாதத் தொடர்புக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

பெட்டியில் ரொக்கம் போனது மட்டும் உண்மை. ஏன் போனது? 2001 நவம்பர் 7 அன்று அல் பரகாத் பணப் பரிமாற்ற நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது; அது அல் கொய்தாவுக்கு நிதி தந்ததாகச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் பணியாளர் அறிக்கை பின்னர் எழுதியது. 2011 டிசம்பர் இறுதியில், மினசோட்டாவில் ஹவாலா நிறுவனங்களுக்குக் கணக்கு வைத்திருந்த முக்கிய வங்கி அவற்றை மூடியது. 2015 பிப்ரவரியில் கலிபோர்னிய வங்கி ஒன்றும் கதவைச் சாத்தியது. வங்கி வழி அடைபட்டால் தாய்க்கு அனுப்பும் 200 டாலரைப் பரிமாற்றக் கடைக்காரர் எப்படி நகர்த்துவார்? பலருடையதைத் திரட்டி, 10,000 டாலருக்கு மேல் என்பதால் சுங்கப் படிவத்தில் அறிவித்து, ஆள் வழியாகத் துபாய்க்கு அனுப்புவார். வாசலை அடைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஏன் இறங்கினாய் என்று கேட்ட கதை.

2022 செப்டம்பரில் வழக்காக வந்த குழந்தை உணவுத் திட்ட மோசடி பெரியது, உண்மையானது: சுமார் 250 மில்லியன் டாலர். குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோமாலியர்; தலைமை தாங்கியதாகத் தண்டிக்கப்பட்ட பெண் சோமாலியர் அல்லர். இதைப் பற்றி ஊருக்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது: திடீர்ப் பணக்காரரை ஏன் யாரும் கேள்வி கேட்கவில்லை, குல விசுவாசம் எங்கே வாயைக் கட்டியது, அறக்கட்டளைகளின் நிர்வாகக் குழுக்கள் எப்படிப் பெயரளவில் இருந்தன. ஆனால் பேசுகிறவரின் முப்பது வினாடி வீடியோ மறுநாளே மொத்த இனத்துக்கும் எதிரான சாட்சியாகச் சுற்றுகிறது. 2025 டிசம்பர் 2 அன்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே அதிபர் சோமாலியரைக் குறித்து 'குப்பை' என்ற சொல்லைப் பயன்படுத்திய நாட்டில், வீட்டுக் குறையை யார் வெளியே சொல்வார்கள்?

உங்கள் பழைய கணக்கையும் புரட்டுங்கள். 2015 மே மாதம் மினசோட்டாவின் ஐம்பதுக்கு நெருக்கமான முஸ்லிம் அமைப்புகள் திட்டத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டன. 2016இல் ஆறு சோமாலி அமைப்புகளுக்கு 3 லட்சம் டாலர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2017 ஜனவரியில் கா ஜூக் என்ற இளைஞர் அமைப்புக்கு 4,99,998 டாலர் ஒதுக்கப்பட்டது. அடுத்த மாதமே அது வேண்டாம் என்று திருப்பிவிட்டது. ஒரு சிறு தொண்டு நிறுவனம் அரை மில்லியனை உதறுகிறது என்றால் அந்தப் பணத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்? அதே ஆண்டு ஏப்ரலில் கூட்டாட்சித் தணிக்கை அலுவலகம், இந்த முயற்சி பலன் தந்ததா என்று அளக்கவே வழி வகுக்கப்படவில்லை என்றது.

தமிழ் அமைப்புகளுக்கும் பயங்கரவாதச் சட்டம் என்ற கயிறு தெரிந்ததுதான். பயங்கரவாதக் குழுக்களுக்கு உதவுவதைக் குற்றமாக்கும் 'பொருள் ஆதரவு' சட்டத்தை எதிர்த்து அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து நடத்திய வழக்கில், தடைசெய்யப்பட்ட அமைப்புக்குச் சமாதான வழியைக் கற்றுக்கொடுப்பதும் குற்றமாகலாம் என்று 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு அகலமான சட்டம் தலைக்கு மேல் தொங்கும்போது, 'தைரியமாகப் பேசுங்கள்' என்ற அழைப்பை எந்தத் தாயும் வழக்கறிஞரைக் கேட்காமல் நம்பமாட்டாள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

'இதை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம்' என்ற உறுதிமொழி 2015இலும் கொடுக்கப்பட்டது. அது நல்லெண்ணக் காகிதம். மீறினால் யாருக்கு என்ன நடக்கும் என்று அதில் இல்லை. அதையே மானிய ஒப்பந்தத்தின் உட்பிரிவாக்குங்கள். பணம் பொதுச் சுகாதாரத் துறை, பூங்காத் துறை, நூலகம் வழியாக வரட்டும். ஷெரிஃப் அலுவலகமும் வழக்குரைஞர் அலுவலகமும் விண்ணப்பதாரராகவோ மதிப்பீட்டாளராகவோ இருக்க வேண்டாம்.

எதைச் சேகரிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள்: மதப் பழக்கம், எந்தப் பள்ளிவாசல், எந்த 'துக்ஸி' என்ற குர்ஆன் பள்ளி, குலம், அரசியல் கருத்து, குடியேற்ற நிலை, கைபேசித் தொடர்புகள். உங்களுக்குத் தேவை வயதுப் பிரிவு, அஞ்சல் குறியீடு, வருகை எண்ணிக்கை. பெயர்ப் பட்டியல் அமைப்பிடமே இருக்கட்டும். உங்களுக்கு மொத்த எண் போதும். மினசோட்டாவின் தரவு நடைமுறைச் சட்டப்படி, அரசுப் பணியைச் செய்யும் ஒப்பந்ததாரரின் தரவும் அரசுத் தரவு போலவே நடத்தப்படும் என்பதை மறக்காதீர்கள். சேகரிக்காததை மட்டுமே யாரும் சம்மன் அனுப்பிக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தால் கூட்டாட்சிச் சம்மனைத் தடுக்க முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது பொய்.

அதே சட்டத்தில் 'டென்னஸன் எச்சரிக்கை' இருக்கிறது: தனிப்பட்ட தகவலைக் கேட்கும் முன், ஏன் கேட்கிறோம், மறுக்கலாமா, மறுத்தால் என்ன ஆகும், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லியாக வேண்டும். இதை ஆங்கிலப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கமான தவறு. சோமாலியில் மொழிபெயர்த்தாலும் போதாது. அம்மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972இல். பின்னர் உள்நாட்டுப் போர் பள்ளிகளை மூடியது. படிக்கத் தெரியாத தாய்மார்கள் பலர். வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். இன்னொன்று: புலனாய்வுக்காகக் காவலர் கேட்கும்போது இந்த எச்சரிக்கை கட்டாயமில்லை. அந்த விதிவிலக்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பணியாளர் 911ஐ அழைக்கட்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அது ஒன்றே விதிவிலக்கு. அவசரம் தணிந்ததும் இரண்டு பேர் கையெழுத்திட்டு, நேரம், காரணம் எழுதிவைக்க வேண்டும். 'கவலையாக இருந்தது' என்பது காரணம் ஆகாது.

காலாண்டுக்கு ஒருமுறை, காவல்துறை எத்தனை முறை தகவல் கேட்டது, எத்தனை கொடுக்கப்பட்டது என்று வெளியிடுங்கள். பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதுங்கள். வெளியில் சொல்லத் தடை உள்ள கோரிக்கைகள் இதில் சேராது என்ற அடிக்குறிப்போடு.

உங்கள் ஊரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2016இல் நீதிபதி மைக்கேல் டேவிஸ், அந்த ஐ.எஸ். வழக்கில் தண்டிக்கப்பட இருந்தவர்களை மதிப்பிட ஜெர்மன் நிபுணர் ஒருவரை அழைத்து, நீதிமன்ற மேற்பார்வையில் மீட்புத் திட்டம் தொடங்கினார். ஒரு இளைஞரை வழிகாட்டிகளோடு மீட்பு இல்லத்தில் வைத்த முந்தைய முயற்சி நடுவில் சறுக்கியது. அவர் மீண்டும் சிறைக்குப் போனார். ஆனாலும் கடைசியில் சிறையில் கழித்த காலமே போதும் என்று தண்டிக்கப்பட்டு, நீண்ட மேற்பார்வையோடு வெளியே வந்தார். அங்கே யார் யாருக்கு அறிக்கை அனுப்புகிறார் என்பது அவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். நூலக அறையில் கூடைப்பந்து பற்றிப் பேச வரும் பையனுக்கு அது தெரிவதில்லை.

அடுத்த அறிவிப்பின் வரைவை இறுதியாக்கும் முன் சோமாலியிலும் வெளியிட்டு 60 நாள் கருத்துக் கேளுங்கள். கூட்டத்தை அரசுக் கட்டடத்தில் வைக்காதீர்கள். தொழுகை நேரத்தோடு மோதாமல், வார இறுதி மாலையில் வையுங்கள். பெண்கள் பேச வேண்டுமென்றால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள். வருகைப் பதிவேட்டை வாசலில் வைக்காதீர்கள். 'சமூகத் தலைவர்' என்று நீங்களாகத் தேர்ந்தெடுத்த நான்கு பேரை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். அந்த நான்கு பேரைத் திட்டுவதற்கும் சேர்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். திட்டட்டும், குறிப்பெடுக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
மானிய ஒப்பந்தங்களையும் தரவுச் சட்டங்களையும் வரி வரியாகப் படிக்கும் சிலர்