கொழுந்து லொறியில் போன பள்ளிக்கூடம்

அன்புள்ள நம் தோட்டத்தின் மூன்று டிவிஷன் மக்களுக்கும், எங்கள் ஆசிரியர்களுக்கும், டவுனிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும்,

வருகிற மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். பிரியாவிடைக் கூட்டத்தில் பேசச் சொன்னால் பாதிப் பேரை மறந்துவிட்டு, பொன்னாடையோடு இறங்கிவிடுவேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் அதிபராக இருந்த காலத்தில், அதிகம் கடன்பட்டது 2020இல்தான்.

மார்ச் 12, வியாழக்கிழமை, கொரோனாவால் ஏப்ரல் 20 வரை பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். மறுநாள் காலை செய்தி தெரியாமல் வந்த நாலு பிள்ளைகளை வாசலில் நின்று நானே திருப்பி அனுப்பினேன். ஐந்து வாரம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜூலை 6இல்தான் திறந்தார்கள், அதுவும் சில வகுப்புகளுக்கு மட்டும். ஒரு வாரத்தில் மறுபடி மூடினார்கள்.

முதலில் நாங்களும் எல்லோரையும் போல வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். காலை எட்டு மணிக்குப் பாடம் போகும், யாரும் பார்த்த அடையாளமே இருக்காது. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நான் கோபப்பட்டேன். லயத்து வரிசை வீடுகளின் கடைசியில், தொங்கல் காம்பராவிலிருக்கும் ஓர் அம்மாதான் எனக்குப் புரியவைத்தார். நாடு முழுக்க ஊரடங்கு போட்டாலும் மலையில் வேலை நிற்கவில்லை. கொழுந்து முற்றிவிடுமே! காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே போனும் அப்பாவின் சட்டைப் பையில் போய்விடும், திரும்பி வருவது அந்திக்குத்தான். ஒரு போன், மூன்று பிள்ளைகள், ஐம்பது ரூபாய் டேட்டா. அந்த அம்மாவுக்கு என் முதல் நன்றி. அன்றிலிருந்து பாடத்தை இரவு ஏழு மணிக்கு மாற்றினோம். வீடியோவை விட்டுவிட்டு, இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்பினோம்.

அப்போதும் மேல் டிவிஷனுக்குக் கவரேஜ் இல்லை. பிள்ளைகள் கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும். ஜூன் மழையில் போனில் செயலட்டை, அதாவது பயிற்சித் தாள், எடுக்கப் போனவன் காலில் அட்டையோடுதான் வந்தான். நேத்ரா தொலைக்காட்சியில் ஏப்ரலிலிருந்து ‘குருகெதர’ பாடங்கள் போனதும் நல்ல விஷயம்தான். ஆனால் டிஷ் இருந்து, ரீலோட் இருந்து, காற்றில் கரண்டும் போகாமல் இருந்தால்தான் பிள்ளை படிக்க முடியும்.

அப்புறம்தான் கடதாசிக்கு வந்தோம். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கொழுந்து இறக்கிவிட்டு வெற்றுச் சாக்குகளோடு திரும்பும் லொறியில் செயலட்டைக் கட்டுகளை ஏற்றலாம் என்று யோசனை சொன்னவர், அதை ஓட்டிய அண்ணன்தான். நானோ கூட்டம் போட்டு, கடிதம் எழுதி, அனுமதி கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் “கட்டைக் கொடுங்க சேர்” என்றார், அவ்வளவுதான். முதல் தடவை விடைத்தாள்கள் கொழுந்தோடு இறங்கி, நனைந்து கூழாக வந்தன. எங்கள் இரண்டு டீச்சர்மார் அவற்றை அடுப்பங்கரைக் கொடியில் காயப்போட்டுத் திருத்தினார்கள். இரண்டாம் தடவையிலிருந்து கடைக்கார மாமா கொடுத்த சீனிப் பைகளில் போட்டுக் கட்டினோம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கட்டை வாங்கி, பெயர் பார்த்து, லயம் லயமாகக் கொடுத்தவர் கணக்கப்பிள்ளை. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் அக்காவும் சாதாரண தரப் பரீட்சை எழுதக் காத்திருந்த மூன்று பெண் பிள்ளைகளும் சின்னவர்களைத் திண்ணையில் இடைவெளி விட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் பரீட்சையே அடுத்த வருடம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. தங்கள் படிப்பு என்னாகும் என்று தெரியாத நேரத்தில் அடுத்தவர் பிள்ளைக்கு ‘ஆனா ஆவன்னா’ சொல்லிக் கொடுத்தார்கள். மகள்களே, உங்களைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பாராட்டிப் பேசவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை ஒக்டோபர் 11இல் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மினுவாங்கொடையில் தொற்று மறுபடி கிளம்பியிருந்தது. முகக்கவசம் தைத்துக் கொடுத்த தையல்கார அக்காவுக்கும், காலையில் மூன்று தடவை ஏறி இறங்கிக் காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், திட்டிக்கொண்டே கைகழுவப் பீலித்தண்ணீரைக் குழாயில் இழுத்துத் தந்த பெரியவருக்கும் நன்றி. அவர் இப்போதும் திட்டுகிறார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜனவரியில் தரம் ஒன்றுக்கு வந்தவர்களுக்கு எழுத்தைக் கைபிடித்து எழுதவைக்க ஆளில்லை. செயலட்டையைப் பல வீடுகளில் அண்ணனோ அக்காவோ நிரப்பிக் கொடுத்தார்கள், அழகான கையெழுத்தைப் பார்த்து நானும் ஏமாந்தேன். அதற்குப் பிறகு கட்டோடு ஆசிரியரும் போனார். வாரம் ஒரு லயம், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் வாசிப்பு. அதை மார்ச்சிலேயே செய்திருக்கவேண்டும். பெரிய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனார்கள், திரும்பவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போனது, பள்ளிக்கூடம் திறந்து வரவு எடுத்த பிறகுதான். லொறி போன இடத்துக்கு நானும் போயிருக்கலாம்.

இன்னொன்று. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது நாங்களும் நிறுத்தினோம். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு நாங்க எத்தனை வருஷம் நின்னோம், எங்களுக்குத் தெரியாதா சேர்” என்று கொழுந்து நிறுக்கும் வரிசையில் ஓர் அக்கா சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

கடைசியாக, டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் பழைய மாணவருக்கு. தம்பி, அந்த வருடம் முழுக்கக் கடனுக்கு அடித்துக் கொடுத்தீர்கள். கணக்குக் கேட்ட போதெல்லாம் “கணக்குக் கொப்பி காணாமல் போய்விட்டது சேர்” என்றீர்கள். போன வாரம் உங்கள் மேசை லாச்சியில் அந்தக் கொப்பியை என் கண்ணாலேயே பார்த்தேன். வெள்ளிக்கிழமை பென்ஷன் வேலையாக டவுனுக்கு வருவேன், எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அதிபர்