மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள்: சினிமாச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எந்தச் செய்தியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும், போட்டதே நீங்கள்தான். அந்த இளம் நடிகையின் பெயரை இங்கே இன்னொரு முறை இழுக்க விருப்பமில்லை. விடுமுறையில் நண்பரோடு இருந்தவரை யாரோ தொலைவிலிருந்து படமெடுத்தார்கள். பத்திரிகையாளர் சந்திப்பில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று அவர் தடுமாறிச் சொன்னார். மாலைக்குள் 'மன்னிப்புக் கேட்டார்' என்று தலைப்பு வந்துவிட்டது. குற்றம் என்ன என்பதை மட்டும் எந்தச் செய்தியிலும் காணோம்.

என் கோரிக்கை ஒன்றுதான். சட்டப்படி தவறில்லாத சொந்த விஷயத்துக்காக இளம் கலைஞர்களை மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். ஏகேபி48 பாட்டுக் குழுவின் மினாமி மினேகிஷிக்கு 2013 ஜனவரியில் வயது 20. காதலர் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது எடுத்த படத்தை வார இதழ் ஒன்று வெளியிட்டது. குழுவில் இருப்பவர்கள் காதலிக்கக் கூடாது என்பது விதி. அவர் தலையை மழித்துக்கொண்டு, கேமரா முன்னால் அழுதபடி, குழுவிலிருந்து நீக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அவரைப் பயிற்சி நிலைக்கு இறக்கினார்கள். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. படமெடுத்தவரின் முகம் யாருக்காவது நினைவிருக்கிறதா? 2024 மார்ச்சில் தென் கொரியாவின் ஏஸ்பா பாட்டுக் குழுவின் கரீனா, காதலிப்பது வெளியே தெரிந்துபோனதற்காக ரசிகர்களுக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே அந்த உறவு முறிந்ததாகச் செய்தி வந்தது.

"அவர்களைப் பார்த்துத்தானே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்பீர்கள். சரி, பிள்ளைகள் பார்க்கக் கூடாத படம் என்றால் அதற்கு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டுவானேன்? ஒழுக்கத்தில் அவ்வளவு அக்கறை இருந்தால் மூத்த கதாநாயகர்களிடமிருந்து தொடங்கலாமே. நேற்றிரவு எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று அவர்களிடம் மைக்கை நீட்ட எவருக்கும் துணிவு வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பேட்டி கிடைக்காதே! இரண்டாவது சினிமாவில் நடிக்கும் பெண் என்றால் அந்தப் பயம் இல்லை. இதற்குப் பெயர் கலாசாரக் காவலாம். அப்புறம் அந்த 'ரகசியத் திருமணமா?' வகைத் தலைப்புகள். கேள்விக்குறி போட்டால் பொய்யும் செய்தியாகிவிடும் போலிருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அரண் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. பொது ஆவணங்களில் உள்ளவை, அவராகவே பொதுவில் கொண்டுவருபவை போன்ற விதிவிலக்குகள் உண்டு. விடுமுறையில் ஒளிந்திருந்து எடுத்த படம் இதில் எதில் சேரும்?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: அவர்களை மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். மேடையில் அப்படி ஒரு கேள்வி வந்தால் உங்கள் நிருபர் அதைப் பின்தொடர வேண்டாம். அந்த இளம் நடிகையின் மன்னிப்புக் காணொளியைத் தயவுசெய்து தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவருடைய படம் வெளியாகும்போது நடிப்பு சரியில்லை என்றால் தாராளமாகக் கிழித்துத் தொங்கவிடுங்கள், நானும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
சினிமாப் பக்கத்தை முதலில் புரட்டும் வாசகர்