அம்மாவை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழக்கம் உண்டு. நன்றி எழுதிப் பழக்கமில்லை. அதனால் இது நடுநடுவே மனு மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் பெயரையோ தங்கள் பெயரையோ போட வேண்டாம் என்று உதவியவர்களில் பலர் சொல்லிவிட்டார்கள். பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

ஆடி மூன்றாம் வெள்ளி. விடிகாலையில் வாசல் கழுவப் போன அம்மா வழுக்கி விழுந்தார். பின்மண்டை துவைக்கிற கல்லில் பட்டது. ரத்தம் வரவில்லை, எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியது, அவ்வளவுதான். உள்ளூரில் ஓர் இடத்தில் காட்டினோம். வீக்கம்தான், ஐஸ் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய தப்பு என் பக்கம் இருந்தது.

அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்த காய்ச்சல், இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. 2011-இல் அந்த வால்வை எடுத்துவிட்டு செயற்கை வால்வு வைத்தார்கள். சித்ரா வால்வு. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்களே, அந்த வகை. இப்படிப்பட்ட வால்வின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளப் பார்க்கும். கட்டினால் வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி பிய்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். அதனால் வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ரத்தம் இளக்குற மாத்திரை'. உண்மையில் அது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்கிற உறைபொருள்கள் நான்கு. அவற்றைச் சரியாகச் செய்யவிடாமல் தடுக்கிறது. அது போதுமா, கூடிவிட்டதா என்று காட்டுவது ஐ.என்.ஆர். என்ற எண். சாதாரண ஆளுக்கு 1. அம்மாவுக்கு டாக்டர்கள் சொன்ன அளவு 2.5-இலிருந்து 3.5 வரை.

விழுவதற்கு ஐந்து நாள் முன்பு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டரிடம் போகாமல் நானே மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தேன். வயிறு நின்றது. ஆனால் அந்த மாத்திரை, கல்லீரல் அசிட்ரோமைக் கழிக்கிற வேகத்தைக் குறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் அம்மா சரியாக சாப்பிடவில்லை, அதனால் வைட்டமின் கே-யும் குறைவு, இன்னொரு பக்கம் உள்ளே அசிட்ரோம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை எழுதாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா வாந்தி எடுத்தார். அப்புறம் பேச்சு குழறியது. எழுப்பினால் கண் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார்.

முதல் நன்றி எங்கள் தெரு ஆட்டோ அண்ணனுக்கு. அன்று கூழ் ஊற்றிவிட்டுக் களைத்துப்போய் அப்போதுதான் படுத்திருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். நான் 108-க்கு ஃபோன் போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "இன்னாத்துக்கு நிக்கிற? ஏறு, எதுக்க போயி பாத்துக்கலாம்" என்றார். கே.வி.குப்பத்தில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து சேர்ந்துகொண்டது. அவர் சொல்லாவிட்டால் அந்த நேரம் வாசலிலேயே போயிருக்கும்.

இரண்டாவது நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. ஆட்டோ கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடி வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டையை என் கையில் திணித்தார். அந்த அட்டை என் தங்கை எழுதியது, என் கடையில் லேமினேட் போட்டது. அம்மா பெயர், செயற்கை வால்வு, வைத்த வருடம், அசிட்ரோம் எத்தனை மில்லிகிராம், எங்கே செக்கப். அடியில் சிவப்பு மையில், 'ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவர்' என்று. எழுதிய காலத்தில் நான் தங்கையைக் கிண்டல் செய்தேன், அம்மாவுக்கு ஆதார் கார்டு ஒன்று போதாதா என்று.

ஆம்புலன்ஸ் தம்பி டார்ச் வெளிச்சத்தில் அட்டையைப் படித்தார். படித்த உடனே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஃபோனை எடுத்து வேலூர் மருத்துவமனைக்குச் சொன்னார்: தலையில் அடி, செயற்கை வால்வு, அசிட்ரோம். லத்தேரி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம் எல்லாம் எப்போது கடந்தோம் என்றே தெரியவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது ரத்தம் எடுக்கக் குழாயோடு ஆள் நின்றிருந்தது. தம்பி, உங்கள் அந்த ஒரு நிமிஷ ஃபோனுக்கு என்ன ஈடு செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐ.என்.ஆர். 6.4. திறந்து அந்த ரத்தத்தை எடுக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணோடு கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது.

அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். அப்பாவையும் என்னையும் உட்கார வைத்து, பேனாவால் தன் கையுறை மேலேயே வரைந்து காட்டினார். வைட்டமின் கே ஊசி 10 மில்லிகிராம், மெதுவாக ட்ரிப்பில் போகும். அது அசிட்ரோமின் வேலையை முறிக்கும். ஆனால் கல்லீரல் புதிதாக உறைபொருளைச் செய்து ரத்தத்தில் விட மணிக்கணக்காகும், அம்மாவுக்கு அவ்வளவு நேரமில்லை. பிளாஸ்மா, அதாவது தானமாக வந்த ரத்தத்தில் அணுக்கள் போக மீதி நீர், கொடுக்கலாம். குளிரில் உறைய வைத்திருக்கும் அதை உருக்க வேண்டும், ரத்த வகை பார்க்க வேண்டும், அம்மாவின் எடைக்கு முக்கால் லிட்டர் போல ஏற்ற வேண்டும், அவ்வளவு நீரை அந்த இதயம் தாங்குமா என்பது சந்தேகம். மூன்றாவது வழி பி.சி.சி. தானம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து அந்த நான்கு உறைபொருள்களையும் பிரித்துச் செறிவாக்கிப் பொடியாக வைத்திருப்பது. கல்லீரலுக்காகக் காத்திருக்க வேண்டாம், ரத்த வகை பார்க்க வேண்டாம், நிமிஷங்களில் வேலை செய்யும். ஆனால் அதன் வேலை சில மணி நேரத்தில் குறைந்துவிடும். அதற்குள் வைட்டமின் கே வந்து பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே கொடுப்பது அதனால்தான்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரத்தம் உறைஞ்சா வால்வு இன்னாம்மா ஆவறது?"

அவர் மழுப்பவில்லை. கட்டி விழ வாய்ப்பு உண்டு என்றார். "வால்வு மாத்திரை இல்லாம சில நாள் தாங்கும்பா. மூளை இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது." அப்பா கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா, உங்கள் சிகிச்சைக்கு ஒரு நன்றி. நெசவு ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாத என் அப்பாவை ஒரு சமமான ஆளாக நினைத்துப் பதில் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஐ.என்.ஆர். 6-க்கு மேல் போனால் கிலோவுக்கு 50 யூனிட் என்று கணக்காம். அம்மா 48 கிலோ. ஒரு குப்பியில் 500 யூனிட், ஆக ஐந்து குப்பி. கையிருப்பில் மூன்றுதான் இருந்தன. மருந்தகத்து அண்ணன் நடு ராத்திரியில் யார் யாருக்கோ ஃபோன் செய்து மீதி இரண்டையும் கண்டுபிடித்தார். அதற்குள் மூன்று குப்பியைக் கரைத்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு, ஐஸ் டப்பாவை சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்த பையனுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். தம்பி, குடியாத்தம் பக்கம் வந்தால் கடைக்கு வா, டீ குடிக்கலாம். ஒரு குப்பியே பல ஆயிரம். அன்று ராத்திரி பணம் கட்டியது என் தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளை, அந்தக் கணக்கை நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அந்த மருந்தைக் கரைப்பதைப் பார்த்தது என் மனசை விட்டுப் போகவே இல்லை. பொடிக்குள் தண்ணீர் விட்டதும் நான் குலுக்குவார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் குலுக்கவில்லை. குலுக்கினால் நுரைத்துப் போகுமாம். உள்ளங்கையில் வைத்து மெல்ல மெல்லச் சுழற்றினார். வெளியே அத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், மானிட்டர் கத்துகிறது, இவர் மட்டும் தூளியில் குழந்தையை ஆட்டுகிற மாதிரி ஒவ்வொரு குப்பியாக நிதானமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். கரைந்து வந்தது ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஐந்தும் ஏறி அரை மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 1.3. தியேட்டர் கதவு திறந்தது.

ரத்தம் கொடுத்த நான்கு பேருக்கும் நன்றி. இரண்டு பேர் எங்கள் தெரு, இரண்டு பேர் யாரென்றே தெரியாத கல்லூரிப் பையன்கள். இரண்டு யூனிட்தான் செலவானது. ஆனால் அந்தக் குப்பிகளுக்குள் இருந்ததும் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த பிளாஸ்மா அல்லவா, அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆரணிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு வால்வு எல்லாம் இல்லை, இதயத் துடிப்பு தாறுமாறு. சாப்பிடுவது டாபிகாட்ரான், ரத்தம் உறையாமல் இருக்க வேறொரு மாத்திரை. அவர் மகனும் நானும் டீக்கடையில் பேசிக்கொண்டோம். அந்த மாத்திரைக்கு முறிவு வேறு, இடாருசிசுமாப். 2015-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததாம். இரண்டரை கிராம் வீதம் இரண்டு தடவை. போய் அந்த மாத்திரையையே பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். வைட்டமின் கே அதற்குச் செல்லாது. ரத்தம் உறையாமல் இருக்க நரம்பில் போடுகிற ஹெபாரின் ஊசிக்கோ புரோட்டமின் என்று இன்னொன்று, மீனின் விந்திலிருந்து எடுத்தது. பூட்டுக்குப் பூட்டு சாவி வேறு. அதனால்தான் 'ரத்தம் இளக்குற மாத்திரை' என்று மொட்டையாகச் சொன்னால் டாக்டர்களுக்குப் போதாது, மாத்திரையின் பெயர் வேண்டும். அட்டையில் தங்கை மாத்திரையின் பெயரை எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு தங்கை இன்னொன்றும் தேடிப் படித்துச் சொன்னாள். இந்த மாத்திரை வகையின் கதையே மாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறதாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும் அது தின்ற பூசணம் பிடித்த தீவனத்தையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகத்தில், அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்து, 1954-இல்தான் மனுஷருக்கு. எங்கள் அசிட்ரோம் அதற்குத் தம்பி முறை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பதிமூணு வருசத்துக்கு மேல எனக்கு எலி மருந்தா குடுத்தீங்க?" என்று சிரித்தார். மொட்டைத் தலையோடு சிரித்தது பார்க்க நன்றாக இருந்தது. பால் கேனோடு போன அந்த விவசாயிக்கும் ஒரு கும்பிடு.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த நாட்கள்தான் எங்களுக்கு நிஜமான பயம். மாத்திரை இல்லை, உள்ளே வால்வு இருக்கிறது. தினமும் காலையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வால்வின் சத்தம் மழுங்கினால் கட்டி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மழுங்கவில்லை. மறு ஸ்கேன் பார்த்த பின் ஹெபாரின், அப்புறம் திரும்ப அசிட்ரோம். முன்பு கொடுத்த வைட்டமின் கே-யினால் மாத்திரை சீக்கிரம் பிடிக்கவில்லை, ஐ.என்.ஆர். ஏற நாளானது. இப்போது 2.8. இடது கை கொஞ்சம் மந்தம், ஃபிசியோதெரபி தங்கச்சி வந்து பந்தைப் பிசையச் சொல்லிவிட்டுப் போகிறாள். கீரையில் வைட்டமின் கே இருப்பதால் முருங்கைக்கீரை வாரம் ஒரு தடவை, அளவு மாறாமல். வேறு எந்த மாத்திரை என்றாலும் டாக்டரைக் கேட்ட பிறகுதான். நானே போய் வாங்கி வருவது நின்றுவிட்டது.

கடைசியாக ஒருவர். அன்று ராத்திரி வராந்தாவில் அப்பா சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் விரித்திருந்த வங்காளத்து அம்மா ஒருவர் எழுந்து வந்து, தன் மேல் இருந்த மஞ்சள் போர்வையை அப்பா மேல் போர்த்திவிட்டு ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினோம். காலையில் பார்த்தால் அவர்கள் இடம் காலி, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலூர் லாட்ஜ்காரர்கள், வங்காளம் தெரிந்த கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் விசாரித்துச் சொல்லுங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் போர்வை. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.