பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோடு சரி என்ற அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையைப் படித்தேன். உப்பு ஏரியையும் செம்பாறைகளையும் சால்ட் லேக் சிட்டி ஆலயத்தையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். மார்மன் சபைப் பெண்களுக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரிதான். சபையில் போதிக்க அவர்களுக்கு இடமில்லை, ஞாயிறன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோடு சரி என்று முடித்துவிட்டார். அந்த வரியில் இருப்பது வெறும் தகவல் பிழை என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன்.

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன். மார்மன் சபை என்று நாம் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் உள்ளூர் சபைகளில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. உள்ளூர் சபையை நடத்தும் ஆயர்கூட வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்தான். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக் கூட்டத்தில் மேடையேறிப் பேசுகிறவர்கள் சபையின் சாதாரண உறுப்பினர்கள். ஆண்களும் பெண்களும் பேசுகிறார்கள். பெரியவர்களின் ஞாயிறு பள்ளியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குப் பெண்கள் பாடம் எடுக்கிறார்கள். பதினெட்டு மாதம் வீட்டை விட்டுப் போய் ஊழியம் செய்கிற இளம் பெண்கள் போதிப்பதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள்?

இனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்ற சொல்லுக்கு வருகிறேன். பிரைமரி எனப்படும் பிள்ளைகளின் அமைப்பு 1878 ஆகஸ்ட் 25 அன்று யூட்டாவின் ஃபார்மிங்டனில் தொடங்கியது. தொடங்கியவர் ஆரேலியா ஸ்பென்சர் ராஜர்ஸ் என்ற பெண். தெருவில் திரியும் பையன்களுக்கு ஒழுங்காக ஒரு வகுப்பு வேண்டும் என்று தலைவர்களிடம் கேட்டு வாங்கியவர் அவர். 2019 ஜனவரியில் மூன்று மணி நேர ஆராதனையை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியபோது, பிரைமரிக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினார்கள். தொடக்க ஜெபத்துக்கும் சிறு பேச்சுக்கும் ஐந்து நிமிடம், பாட்டுக்கு இருபது, வகுப்புக்கு இடம் மாற ஐந்து, பாடத்துக்கு இருபது. அந்த இருபது நிமிடத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கு மோசேயைப் புரியவைக்க வேண்டும். ஒரு கதை, ஒரு படம், குழந்தை தன் வாயால் பதில் சொல்ல ஒரு கேள்வி. இதற்கு மேல் கொண்டுபோனால் எதுவும் நிற்காது. முந்தைய கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் பத்து நிமிடம் இழுத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் பிரைமரியிலிருந்துதான் போகும். பாட்டைக் குறைக்க யாருக்கும் மனம் வராது, ஆகவே பாடம் பாதியாகிவிடும். இருபது நிமிடத்துக்குத் தயாரித்த பாடத்தைப் பத்தில் ஓட்டினால் நிற்காது. கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை அதற்குள் அடக்கிச் சொல்லத் தெரிந்தவர்தான் அனுபவமுள்ள ஆசிரியை. இதற்குப் பெயர் பார்த்துக்கொள்வதா?

ஆள் கணக்கையும் பாருங்கள். தலைவி, இரண்டு ஆலோசகிகள், செயலர், பாட்டு நடத்துகிறவர், பியானோ வாசிப்பவர் என்று ஆறு பேர். பதினெட்டு மாதம் நிறைந்த குழந்தைகளின் நர்சரிக்குக் குறைந்தது இரண்டு பேர். குழந்தைகளோடு பொறுப்பான பெரியவர் இருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு வகுப்பு நடத்தினால் பன்னிரண்டு பேர். ஆக இருபது பேர். கணவன் மனைவியாகச் சேர்ந்து எடுக்கிறவர்கள் உண்டு, ஆண்களும் நன்றாகவே எடுக்கிறார்கள். இருந்தும் இந்த இருபதில் பெரும்பகுதி பெண்கள்தான். அவர்கள் பிள்ளைகளோடு இருக்கும் அதே நேரத்தில்தான் மற்றப் பெண்கள் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் வகுப்பில் கூடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இவர்களின் உண்மையான வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கட்டுரையாளர் கதவு வரை வந்துவிட்டு உள்ளே பார்க்காமல் திரும்பிவிட்டார். போதிக்க விடவில்லை என்பது அவர்கள் குறை அல்ல. போதித்துக்கொண்டே தன் வயதுப் பெண்களிடமிருந்து பிரிந்து போவதுதான் குறை. மூன்று வருடம் பிரைமரியில் இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்துத் தெருவில் யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் சாவு என்பது தெரியாமல் போகிறது. அவள் ஒரு வாரம் வராவிட்டால் தேடுவது குழந்தைகள் மட்டுமே. அந்த வார்டுக்கு (உள்ளூர் சபைக்கு அங்கே இதுதான் பெயர்) புதிதாகக் குடிவந்தவள் என்றால் நிலைமை இன்னும் மோசம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, தேவ வார்த்தையின் போஷிப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி 1997-இல் சொன்னார். பல இடங்களில் பொறுப்பு உடனே கிடைத்துவிடுகிறது, நண்பர் கிடைப்பதில்லை. ஒத்தாசைச் சங்கத் தலைவி பிரைமரி ஆசிரியைகளின் பெயர்ப் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு, வாரநாள் மாலைக் கூடுகைகளை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வைத்தால் பாதி சரியாகும். நல்ல தலைவிகள் இதைச் செய்கிறார்கள்.

அழைப்பு வரும் விதத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் யாரும் பதவிக்கு விண்ணப்பம் போடுவதில்லை. பிரைமரித் தலைவி ஜெபித்து ஒரு பெயரை ஆயரிடம் கொடுக்கிறாள். ஆயரும் அவருடைய இரு ஆலோசகர்களும் முடிவு செய்கிறார்கள். அந்த மூவரும் ஆண்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்கிறார்கள், கூட்டத்தில் எல்லோரும் வலது கையை உயர்த்தி ஆமோதிக்கிறார்கள், தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார்கள். கொடுத்த பெயருக்குப் பதில் வரவே சில வாரம் ஆகும். அதற்குள் அதே பெயர் இளம் பெண்கள் வகுப்புக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடையில் வரும் ஞாயிறுகளில் அந்த வகுப்பைத் தலைவியே எடுப்பாள். வார்டு ஆலோசனைக் கூட்டத்தில் ஆயர், இரு ஆலோசகர்கள், எழுத்தர், நிர்வாகச் செயலர், வயதுவந்த ஆண்களின் அமைப்பான மூப்பர் குழுமத்தின் தலைவர் என்று ஆண்களே அதிகம் இருக்கும் மேசையில் ஒத்தாசைச் சங்கம், இளம் பெண்கள், பிரைமரி ஆகியவற்றின் தலைவிகள் மூன்று பேர் இருப்பார்கள். மூவரையும் முதலில் பேசவிடும் ஆயர் இருந்தால் அந்த வார்டின் நிலைமையே வேறு. அப்படி ஒருவர் அமைவது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதுதான் வேதனை. பன்னிரண்டு வயதாகும் ஆண்டிலேயே ஒரு பையன் திருவிருந்து அப்பத்தை வரிசை வரிசையாக எடுத்துப் போகலாம். அவனுக்கு வேதக்கதை சொல்லி வளர்த்த ஆசிரியைக்கு அந்தப் பணி இல்லை.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை என்பதை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். 1842 மார்ச் 17 அன்று இல்லினாய் மாநிலத்து நாவூவில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் செங்கல்லால் கட்டிய கடையின் மாடியில் இருபது பெண்கள் கூடி ஒத்தாசைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித் தலைவி, எலைசா ஸ்னோ செயலர். எலைசா எழுதிய நடவடிக்கைக் குறிப்பேடு அவரோடு யூட்டா வரை போனது. அங்கே அந்தப் பெண்கள் சொந்தமாகக் கூடம் கட்டினார்கள், 1876 முதல் கோதுமை சேமித்தார்கள், 1882-இல் மருத்துவமனை திறந்தார்கள். 1872 முதல் 1914 வரை ‘வுமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ நடத்தினார்கள், 1915 முதல் 1970 வரை ‘ரிலீஃப் சொசைட்டி மேகசின்’ நடத்தினார்கள். வேதம், இலக்கியம், சமூகவியல், இல்லறம் என்று தங்கள் வகுப்புக்கான பாடங்களை அந்த மேகசினில்தான் அச்சிட்டார்கள். 1970-இல் பத்திரிகை நின்றது. சங்கத்தின் தனி நிதியும் அதே காலத்தில் சபையின் பொது நிர்வாகத்துக்குள் போனது. 1998 முதல் 2017 வரை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாடநூல், சபைத் தலைவர்களின் போதனைத் தொகுப்பு. ஹவாயில் பிறந்து, 1990 முதல் 1997 வரை ஒத்தாசைச் சங்கத் தலைமையில் இருந்த சியெக்கோ ஒகசாகி பின்னாளில் ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்: தாங்கள் ஒரு பாடநூலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில், தங்களிடம் கேட்காமலேயே வேறொரு நூல் தயாராகிக்கொண்டிருந்தது. பாடம் சொல்பவள் பெண், கேட்பவர்கள் பெண்கள், பாடத்தை முடிவு செய்யும் இடத்தில் பெண் இல்லை. எழுதுவதற்கு இது அல்லவா விஷயம்?

இப்போது ஒத்தாசைச் சங்கப் பாடம் பெரும்பாலும் சபைத் தலைவர்கள் பேசும் பொது மாநாட்டின் சொற்பொழிவு ஒன்றை வைத்து நடக்கிறது. அதைப் பத்தி பத்தியாக வாசிக்க வைத்து நேரத்தைக் கழிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடுத்த தவறு, ஒரே பதிலுள்ள கேள்வி. ஜெபம் செய்ய வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும் என்று நாலு பேர் சொன்னதும் அறை அமைதியாகிவிடும். இரண்டே பத்தியை எடுத்துக்கொண்டு, இதைக் கடைப்பிடிக்க எங்கே கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் பத்து விநாடி காத்திருக்கும் ஆசிரியைக்குத்தான் வகுப்பு பேசும். தாய்மையைப் பற்றிய பாடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நாற்பது வயதில் மணமாகாதவள், பிள்ளையில்லாதவள், மணமுறிவு பெற்றவள், கணவன் சபையில் இல்லாதவள் என எல்லோரும் அதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எல்லோருமே தாய்மார்தான் என்ற சமாதான வார்த்தையோடு ஒரு பூவை நீட்டினால் அவர்களில் சிலருக்கு அழுகை வரும். அவர்கள் அடுத்த வாரம் பின்வரிசைக்குப் போவார்கள், அதற்கடுத்து வராமலே இருப்பார்கள். தாய் என்ற உறவை வைத்து ஆரம்பிக்காமல், இந்த வாரம் யாருக்கு யார் துணையாக இருந்தீர்கள் என்று ஆரம்பித்தால் அதே பாடத்தில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

உங்கள் பத்திரிகை மீது பழைய மனக்குறை ஒன்றும் உண்டு. மார்மன் என்றாலே பலதார மணம், நீளப் பாவாடை, பின்னல் என்று படம் போடுகிறீர்கள். அது பிரிந்துபோன சிறு குழுக்களின் உடை. முதன்மைச் சபையில் அன்றைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890-இலேயே பலதார மணத்தை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டுவிட்டார். இது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. யூட்டாப் பெண்கள் 1870-இல் வாக்களித்ததும், 1887-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த உரிமையைப் பறித்ததும், 1896-இல் மாநிலம் அமைந்தபோது மீட்டதும், அதே ஆண்டு மார்த்தா ஹ்யூஸ் கேனன் என்ற மருத்துவர் மாநில செனட்டுக்குத் தேர்வானதும் உங்கள் பக்கங்களில் ஒருமுறையாவது வந்ததுண்டா? சென்னையிலும் கோவையிலும் இந்தச் சபையின் சிறு கிளைகள் இருக்கின்றன. அங்கேயும் நம் பெண்கள் தமிழில் பாடம் எடுக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்களிடமே கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, அந்தச் சபையில் பெண்கள் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போதிக்கிறார்கள், ஆயர் முதலான ஆசாரியத்துவப் பதவிகள் மட்டும் அவர்களுக்கு இல்லை என்று இரண்டு வரி போடுங்கள். கட்டுரைக்கு மேலே உள்ள படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சால்ட் லேக் சிட்டி, யூட்டா