ஆமை முதுகுச் சாலை

மன்னார்குடி,
புரட்டாசி, மூன்றாம் சனி

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ திட்டுவதற்கு முன்னால் நானே ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, உன் தங்கச்சிக்கு என்மேல் கோபம், இரண்டும் பழையபடியே இருக்கின்றன. கோழி விஷயம் இன்னும் தீரவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. நம் கணக்கு வாத்தியார் வண்டியோடு விழுந்துவிட்டார். பயப்படாதே, மணிக்கட்டில் கட்டு, அவ்வளவுதான். ஆனால் அவர் விழுந்த பள்ளம் பாமணியாற்றுக் கரையில், என் கிரேடர் வண்டியின் பிளேடால் நான் சீவிச் சமன்செய்த சாலையில். பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "நூல் பிடிச்சுப் பாத்தியாடா?"

இரவெல்லாம் தூக்கமில்லை.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டால் கரையில் புதுச் சாலை போட முடியாதென்று மே மாதமே அவசர அவசரமாக முடித்த சாலை அது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் கிராவல், 3.75 மீட்டர் அகலம். நூற்றுக்கு நாலு சரிவு வைத்தால் நடு, ஓரத்தைவிட மூன்று அங்குலம் ஏறி நிற்க வேண்டும், இல்லையா? ஆவணியில் இரண்டு மழை பெய்ததும் நட்டநடுவில் தண்ணீர் கட்டி நின்றது. நான் யாரைத்தான் குறை சொல்லவில்லை! மண் கொடுத்தவரைச் சொன்னேன். குறுவை அறுக்க வந்த செயின் வண்டியைச் சொன்னேன். நெல் ஏற்றி வந்த லாரிகளைச் சொன்னேன். என் வண்டியை மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை பிளேடைத் தூக்கிக் கட்டையில் உட்காரவைத்து, அதன் அடியில் போல்ட் போட்டுப் பூட்டிய எட்ஜில், அதான் மண்ணைச் சீவுகிற இரும்புப் பட்டையில், கொத்தனார் நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டினேன். இரண்டு ஓரமும் நூலைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. டேப்பை வைத்தால் 18 மில்லி, கிட்டத்தட்ட முக்கால் அங்குலம். நடு தேய்ந்த எட்ஜை வைத்துச் சீவினால் சாலை ஓட்டுக்கூரை மாதிரி இரண்டு பக்கமும் சாயாது, ஆமை முதுகு மாதிரிதான் வரும். ஓரத்தில் சரிவு அதிகம், நடுவில் தட்டை. அந்தத் தட்டையில் நின்ற தண்ணீர்தான் பள்ளம் பறித்து வாத்தியாரைத் தள்ளியது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் எட்ஜுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. திருச்சியில் பாதி விலைக்குக் கிடைத்ததென்று உன்னிடம் பெருமை அடித்தேனே, அதேதான். நேற்று அதில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கடித்துக்கொண்டு இறங்கியது. ஒழுங்காகச் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய இரும்பென்றால் அரம் இவ்வளவு சுலபமாகக் கடிக்கக் கூடாது. வாங்கும்போதே பையில் அரம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உடனே நீ "கார்பைடு பதித்த எட்ஜ் வாங்குடா, போன வருஷமே சொன்னேன்" என்பாய். சொன்னாய்தான். ஓமனில் மணலும் சரளையுமாகக் கிலோமீட்டர் கணக்கில் தடையில்லாமல் ஓட்டுகிறாய், உனக்கு அது சரி. கார்பைடு இரும்பைவிடக் கெட்டி, சீக்கிரம் தேயாது, அதனால் எட்ஜ் நேராகவே நிற்கும், சாலையின் முதுகும் நிற்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இங்கே வந்து பார். கால் மைலுக்கு ஒரு மதகு, ஒரு குழாய்ப்பாலம். கரையில் மண் மூடிக் கிடக்கும் கான்கிரீட் விளிம்பில் ஒரு இடி இடித்தால் போதும், உள்ளே பதித்த கார்பைடு சில்லுச்சில்லாக உதிரும். தேய்மானம் தாங்குகிற சரக்கு அடி தாங்காது. சாதா எட்ஜ் அதே இடியில் பல் இளித்தாலும் ஓடும். அதோடு, என் வண்டி ஆற்றில் தண்ணீர் இல்லாத நாலைந்து மாதம்தான் முழுசாக ஓடுகிறது. அந்த விலையைக் கொடுத்து வாங்கி மீதி மாதமெல்லாம் கொட்டகையில் தூங்கவைக்கவா?

ரம்பம் மாதிரிப் பல் வைத்த எட்ஜையும் யோசித்தேன். சாலை அலை அலையாக இறுகிக் கிடந்தால் அதை உடைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் சீப்பு போட்ட மாதிரி கோடு விடும், மறுபடி சாதா எட்ஜைப் போட்டு இழுக்க வேண்டும். இருக்கும் ஒரு டிரைவருக்கும் எனக்கும் போல்ட் கழற்றுவதே பிழைப்பாகிவிடும்.

முடிவு இதுதான். போரான் கலந்து கெட்டிப்படுத்திய ஸ்டீல், பிளேடின் வளைவோடு சேர்ந்து உட்காரும் வளைந்த எட்ஜ், 19 மில்லி கனம், எட்டு அங்குல உயரம், ஆறடியில் இரண்டு துண்டு. நூலில் அரை அங்குலம் தெரிந்ததுமே இடது துண்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிவிடப்போகிறேன். நடுவில் தேய்ந்த முனை அப்போது வெளி ஓரத்துக்குப் போய்விடும். இந்த யோசனை வாத்தியார் கொடுத்தது. கட்டுப்போட்ட கையோடு ஸ்லேட்டில் படம் போட்டுக் காட்டினார். எண்பது வயது தாண்டிவிட்டது மாப்ளே, ஸ்லேட் இன்னும் வைத்திருக்கிறார்!

பழைய எட்ஜைக் கழற்றியது தனிக் கூத்து. போல்ட் தலையெல்லாம் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. ஒன்றுகூட ஸ்பேனருக்கு மசியவில்லை, கேஸ் வைத்து அறுத்தோம். உள்ளே காய்ந்த சேறும் துருவும் விரல் கனத்துக்கு இருந்தது. அதைச் சுரண்டாமல் புதுசைப் பூட்டியிருந்தால் இடுக்கு விழுந்து அதுவும் உடைந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிளேடே தரையைத் தொட்டிருக்கும். பிளேடு தேய்ந்தால் என் கதை என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவரிடமும் சொல்லிவிட்டேன், மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று. பிளேடு குதித்தால் எந்த எட்ஜும் அலைதான் போடும். "ஓமன் மாமா மட்டும் பறந்தாராமே" என்கிறான். அவனிடம் என்னடா சொல்லி வைத்திருக்கிறாய்?

முந்தாநாள் லேசாக மழை பெய்து மண் ஈரப்பதத்தில் இருக்கிறது. சீவினால் பிடிக்கும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அந்த முக்கால் கிலோமீட்டரையும் என் செலவிலேயே திரும்ப இழுத்துவிடுவேன். ஒப்பந்தக்காரரிடம் காசு கேட்க வாய் வரவில்லை. உன் தங்கச்சியிடம் இதைச் சொல்லிவிடாதே.

தைக்கு வரும்போது சென்ட் பாட்டில் எதுவும் வேண்டாம். போல்டை அளவு பார்த்து முறுக்க ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் கொண்டுவா. பெட்டி எடை கூடினால் பேரீச்சம்பழத்தைக் குறைத்துக்கொள்.

உன்,
மச்சான்