பதினாலாம் வரிசை தம்பிக்கு

போன ஐப்பசியில சிங்கப்பூர்ல இருந்து திருச்சிக்கு வந்த ராத்திரி விமானத்துல எங்க ஆத்தா பக்கத்துல உட்கார்ந்திருந்த தம்பி, இது உங்களுக்குத்தான்.

வங்காள விரிகுடாவுக்கு மேல திடீர்னு ஒரு இறக்கம். என் காப்பி மடியில. ஆத்தா கண்ணை மூடிக்கிட்டு கொப்புடையம்மனைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாக. எனக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு, நான் எங்க தைரியம் சொல்ல?

யாரும் கேக்காமலே ஆத்தா பெல்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கி இறுக்கினீங்க. "பெல்ட் போடாதவுகளுக்குத்தான் பெரும்பாலும் அடிபடும்." அப்புறம் பாதி தண்ணி இருந்த பாட்டிலைத் தட்டுல வச்சு, "பாருங்க ஆத்தா, தண்ணி எம்புட்டு ஆடுது? நம்மூரு கம்மாக்கரை ரோட்டுல டவுன் பஸ் இதைவிடத் தூக்கிப் போடும்"னீங்க. இறக்கை ஆடுறதைக் காட்டி, "வளையுறது ஒடியாம இருக்கத்தான்"னீங்க. ஆத்தா சிரிச்சாக. அந்த நேரத்துல!

குலுக்கல் நிக்கிற வரைக்கும் அவுக கையை விடலை நீங்க. உங்க விரல்ல சிமெண்டு வெடிப்பு சொரசொரன்னு இருந்துச்சாம், இன்னும் சொல்றாக.

திருச்சியில பெட்டியை இறக்கிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க, பேரு கூடக் கேக்கலை, என் புத்தி. காரைக்குடிப் பக்கம் வந்தா சொல்லுங்க. ஆத்தா மணகோலப் பலகாரம் ஒரு டின் தனியா எடுத்து வச்சிருக்காக.