அன்று சொல்லாமல் விட்ட பதில்

எர்ணாவூர்,
ஆகஸ்டு 2024.

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ ஓய்வில்லாமல் வார்டில் நின்றுகொண்டே இருக்கிறாய் என்று அம்மா கவலைப்படுகிறாள், வேளைக்குச் சாப்பிடு.

நீ தொலைபேசியில் சொன்னதை நினைத்து இரண்டு இரவுகளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து வந்ததில் பேரனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், நகக்கண்ணில் இன்னும் சேறு ஒட்டியிருந்த கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் சொன்னாய். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கும் அன்றைக்குப் பதில் வரவில்லையே அப்பா" என்றாய். நீ குறை சொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனால் அது உண்மை. இருபது ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் கடன் அது.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாம் காசிமேட்டில் குடியிருந்தோம். உனக்குப் பத்து வயது. நாம் காலை ஆராதனையில் இருந்தபோதுதான் கடல் உள்ளே வந்தது. உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருபவள், கருவாடு உலர்த்தப் போன தன் தாயோடு கரையில் இருந்தாள். தாய் பிழைத்தாள், அவள் பிழைக்கவில்லை. அந்த வாரமே நடந்த ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார், ஆலயத்துக்கு வந்தவர்களைக் கர்த்தர் காத்தார், வராதவர்களைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று என்று பேசினார். கூட்டம் "ஆமென்" என்றது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவள் சர்ச்சுக்கு வராததால்தான் செத்துப்போனாளா அப்பா?" என்று கேட்டாய். நான், "பேசாமல் வா" என்றேன்.

தமிழாசிரியனான எனக்கு அன்று வார்த்தை கிடைக்காமல் இல்லை. அந்தப் பேச்சு தவறு என்று உள்ளுக்குள் தெரிந்தும், சபைக் கமிட்டியில் இருந்துகொண்டு பிரசங்கியாரை மறுத்துப் பேச எனக்குத் துணிவு இல்லை. அதற்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பேச்சு வேதத்துக்கே விரோதமானது. அதே ஞாயிறு காலையில், கிறிஸ்துமசுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேரை அதே கடல் கொண்டுபோயிற்று. 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் நகரத்தில் பூமி அதிர்ந்தபோது, தொழுதுகொண்டிருந்தவர்கள்மேலேயே ஆலயங்கள் இடிந்து விழுந்தன. ஆராதனைக்கு வந்தவன் தப்புவான் என்பது கணக்கானால், இவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆண்டவரிடமே இந்தக் கணக்கைக் கொண்டுபோனவர்கள் உண்டு. லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர், எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். அதற்கு அடுத்து மனந்திரும்பச் சொல்கிறாரே என்பாய். சொல்கிறார், கேட்டுக்கொண்டு நின்ற உயிருள்ளவர்களைப் பார்த்துச் சொல்கிறார். செத்தவர்கள்மேல் அவர் தீர்ப்பு எழுதவில்லை. இந்த ஒரு வசனத்தை அன்று தெருவில் நின்று உனக்குச் சொல்லியிருந்தால் போதுமே, அம்மா.

சுமத்திராவுக்கு அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தபின், அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களிடம் ஓடுங்கள் என்று சொல்ல இந்துமாக்கடலில் ஓர் ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007இல்தான். கடல் ஏன் பொங்கியது என்பதற்குப் பூமியின் தட்டுகளில் காரணம் இருக்கிறது. அதைக் கர்த்தர் ஏன் அனுமதித்தார் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதுபோல் பேசுகிறவர்களிடமிருந்து விலகி நிற்கவே விரும்புகிறேன். செத்துப்போன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவனுக்காகக் கண்ணீர் விட்ட இயேசுவை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மிக்ஜாம் புயலின்போது நடந்த ஒன்றை உனக்கு நான் சொல்லவில்லை. டிசம்பரில் அந்த வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் கலந்து வந்து நம் தெரு வீடுகளுக்குள் ஏறியது உனக்குத் தெரியும். மழை இயற்கை, எண்ணெய் மனிதர் செய்தது. அதையும் கடவுள்மேல் போடுவது அநியாயம். தண்ணீர் வடிந்தபின் என் இரண்டு கால்களும் முழங்கால்வரை தார் பூசியதுபோல் கறுத்திருந்தன. சோப்புக்குப் போகவில்லை, தோல் எரிந்தது. எதிர்வீட்டு மீன்கார அம்மா ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் பழைய புடவைக் கிழிசலும் எடுத்துக்கொண்டு வந்து, "காலை நீட்டு வாத்தியாரே" என்றார். நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, படியில் உட்கார்ந்து, என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரலிடுக்கு விரலிடுக்காக எண்ணெய் தேய்த்துத் துடைத்தார். கழிமுகத்தில் மீன் பிடிக்க முடியாமல், வலைகளும் பாழாகி, அவர் வீட்டில் அடுப்பு எரிவதே கேள்வியாக இருந்த நாட்கள் அவை. அவர் நம் சபை அல்ல. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். அன்று இரவு படுத்தபிறகுதான், இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்ன வார்த்தை எனக்கு நினைவு வந்தது. எத்தனையோ பெரிய வியாழனில் அதை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அந்த அலையிலும் இந்த வெள்ளத்திலும் நான் தேடிக் காணாதவர், என் வாசற்படியில் கிழிசல் துணியோடு உட்கார்ந்திருந்தார் என்றே நம்புகிறேன்.

ஆகையால் அந்தப் பெரியவருக்கு விளக்கம் சொல்லவேண்டும் என்று தவிக்காதே. "நீங்கள் ஒரு பாவமும் செய்து இது வரவில்லை ஐயா" என்பதை மட்டும் தெளிவாகச் சொல். அதைச் சொல்ல நான் பட்ட தாமதம் நீ படவேண்டாம். பிறகு பக்கத்தில் உட்கார். பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரிதான். வாயைத் திறந்தபிறகுதான் கெடுத்தார்கள். நகத்தில் அந்தச் சேறு இன்னும் இருந்தால், வெந்நீர் கொண்டுவந்து கழுவிவிடு.

அந்தப் பேரனின் பெயரை அவரிடம் கேட்டு எனக்கு எழுது. உன் தோழியின் பெயரை அன்று நம் சபையில் யாரும் ஜெபத்தில் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஜெபவேளையில் எழுந்து நின்று இரண்டு பெயரையும் சொல்லப்போகிறேன்.

உன் அன்பு அப்பா